பதினெட்டரை அடிப் பச்சை வண்டி

எங்கள் கார், எங்கள் கார் கொட்டகையைவிட அரை அடி நீளம். வண்டியை வாங்கி வந்து உள்ளே விட்டுக் கதவை இழுத்துச் சாத்தப் போனபோதுதான் என் கணவன் மைலோவுக்கு இது தெரிந்தது. வேறொருவனாக இருந்தால் வண்டியைத் தெருவில் நிறுத்தப் பழகியிருப்பான். மைலோ அளவுநாடாவை வைத்து அளந்தான், நம்பாமல் இன்னொரு முறை அளந்தான். பிறகு சம்மட்டியை எடுத்து வந்து கொட்டகையின் உள்சுவரில் ஓர் ஓட்டை போட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் என் சலவை அறை. அன்றிலிருந்து நான் துணி துவைக்கும்போதெல்லாம் ஒரு ஜோடி முன்விளக்குகள் என்னையே முறைத்துக்கொண்டிருக்கும்.

"இது என்ன மைலோ, மாட்டுத் தொழுவமா? தலையை நீட்டிக்கிட்டு நிக்குது!"

"குளிர்காலத்துல எஞ்சினுக்கு நல்லது வெர்னா. உன் துணி காயவைக்கிற மெஷின் சூடு இதுக்கும் கிடைக்கும்ல?"

இது ஐயோவாவில், சீடர் ராபிட்ஸில், 1968இல். எங்கள் தெருவில் எல்லோரிடமும் பெரிய வண்டிதான். எதிர்வீட்டு ஹவ்லிசெக்கின் செடான் ஒரு படகு மாதிரி திரும்பும். அவர் தெருமுனையில் திரும்புவதற்குள் நான் ஒரு கப் காபி குடித்துவிடலாம். ஆனாலும் எங்களுடைய ஸ்டேஷன் வேகனுக்கு ஈடு கிடையாது. பச்சை உடம்பு. இரண்டு பக்கமும் மரப்பலகை மாதிரி ஒட்டப்பட்ட காகிதம். மரம் இல்லை, மரத்தின் போட்டோ என்று நான் சொன்னால் மைலோவுக்குக் கோபம் வரும். அவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். கடையில் மீந்த ஹேர் டானிக்கை எடுத்து வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கவாட்டுக்குத் தேய்த்துவிடுவான். தெருவில் எங்கள் வண்டி போனால், புதிதாக முடிவெட்டிக்கொண்ட ஆள் ஒருவன் கடந்து போன மாதிரி வாசனை வரும்.

முன்சீட்டு ஒரே நீளம், வீட்டு சோபாவைவிடப் பெரியது. நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு சீட்டு. அதற்கும் பின்னால், சாலையைப் பின்னோக்கிப் பார்த்தபடி இன்னொரு சீட்டு. அதில் உட்காரத்தான் பிள்ளைகளுக்குள் அடிதடி. பின்னால் வருகிற டிரைவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டலாம், லாரிக்காரரை ஹாரன் அடிக்கச் சொல்லிக் கையால் சைகை செய்யலாம். பெரியவன் கர்ட்டுக்குப் பதினான்கு வயதானதும், இதெல்லாம் சின்னப் பிள்ளைத்தனம் என்று நடு சீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் நாக்கைத் துருத்த மட்டும் அவ்வப்போது பின்னால் போய்வருவான்.

வண்டிக்கு ஒரே ஒரு வியாதி. டாஷ்போர்டுக்குள் எங்கோ கடகடவென்று ஒரு சத்தம். மைலோ ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைச் 'சரி' செய்வான். எப்படியென்றால், ஒரு பழைய சீப்பை இடுக்கில் செருகுவான். திங்கட்கிழமை சத்தம் வேறோர் இடத்திலிருந்து வரும். அங்கே இன்னொரு சீப்பு.

1971 ஜூனில் மைலோவின் அக்கா லியோனாவுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டாவது கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை கிளாரன்ஸ், நெப்ராஸ்காவில் வில்பர் ஊருக்கு வெளியே பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். மாலை நான்கு மணிக்கு சர்ச். கேக் என் பொறுப்பு.

மூன்று அடுக்கு. அடியில் எலுமிச்சை, நடுவில் வால்நட், மேலே வெண்ணிலா. உச்சியில் பிளாஸ்டிக் மணப்பெண்ணும் மணமகனும். பின்சீட்டை மடக்கித் தட்டையாக்கி, அந்தப் பரப்பில் அட்டைப் பெட்டியோடு கேக்கை வைத்தேன். வெயில் படாமல் இருக்க மேலே ஒரு பழைய மெத்தைப் போர்வையைக் கூடாரம் மாதிரிப் போட்டேன். பிள்ளைகள் மூவரையும் நடு சீட்டில் திணித்தோம். கர்ட் ஒரு ஜன்னல், பதினொரு வயது கோனி இன்னொரு ஜன்னல், ஆறு வயது ரோலி நடுவில். விடியும்போதே கிளம்பிவிட்டோம்.

"பெட்ரோல் போட்டியா?" என்று ஐயோவாவைக் கிட்டத்தட்டக் கடந்த பிறகுதான் கேட்டேன்.

"மிசௌரி ஆத்தைத் தாண்டிப் போட்டுக்கலாம். நெப்ராஸ்கா பக்கம் விலை கம்மி."

"ஆறு வர்ற வரைக்கும் வண்டி போகுமா?"

"தாராளமா."

மைலோ தாராளமா என்று சொன்னால், பாதிதான் என்று அர்த்தம். பதினாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது அது. முள் எங்கே நிற்கிறதென்று எட்டிப் பார்த்தேன். அது படுத்துக் கிடந்தது.

மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், இரண்டு நெடுஞ்சாலைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். மைலோ மட்டும் இன்னொரு துண்டு நெல்லிக்காய் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வேண்டுமென்று உட்கார்ந்துவிட்டான். அவன் அதை முடிக்கும் நேரத்தில் வானம் கறுத்து, ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கோழி முட்டை அளவுக்கு இல்லையென்றாலும், தலையில் விழுந்தால் வாய்க்கு வந்தபடி பேச வைக்கும் அளவு.

"ஐயோ, என் வண்டி! பெயின்ட் போச்சு!" என்று மைலோ எழுந்து ஓடினான்.

நாங்களும் சாப்பாட்டுப் பட்டியல் அட்டைகளைத் தலைமேல் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினோம். வாசலுக்கு நேரே பச்சை வண்டி நின்றது. கதவுகளைத் திறந்து ஆளாளுக்கு விழுந்தடித்து ஏறினோம். சாவி வண்டியிலேயே இருந்தது. அப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் யாரும் சாவியைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. மழைக்கு ஒதுங்க ஓர் இடம் தேடி மைலோ மேற்குப் பக்கமாக விரட்டினான்.

கல்மழை நின்று வெறும் மழையானது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் போர்வை குவியலாக அப்படியே இருந்தது. நிம்மதியானேன்.

"மெதுவா போ, கேக்கு இருக்கு."

"தெரியும் தெரியும். தாலாட்டுற மாதிரி ஓட்டுறேன் பாரு." மைலோ தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது. "வெர்னா, கேக்குதா?"

"என்ன?"

"ஒண்ணும் கேக்கலல்ல? அதைத்தான் சொல்றேன்! சத்தம் போயிருச்சு. போன சனிக்கிழமை செருகின சீப்பு. நான் சொன்னேன்ல, சரியான எடம் கண்டுபிடிச்சிட்டேன்னு?"

உண்மைதான். வண்டி வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

"இனிமே எந்த மெக்கானிக்காவது என்கிட்ட பேசட்டும்" என்றான் மைலோ. "ஸ்டியரிங்கைப் பாரு, ஒரு விரல்ல திரும்புது. வண்டியோட பேசத் தெரியணும். எல்லாருக்கும் வராது அது."

இப்படியே பத்து மைல் தூரம் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு வந்தான். பிறகு திடீரென்று, "முள்ளைப் பாரு" என்றான்.

பெட்ரோல் முள் நிறைந்த தொட்டியைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நின்றது.

"மழைத் தண்ணி டேங்குக்குள்ள போயிருச்சோ?" என்றேன்.

"மழைத் தண்ணி போனா வண்டி எப்படி ஓடும்? முள்ளு மாட்டிக்கிச்சு. ஈரம் பட்டா அப்படித்தான்."

எனக்கு என்னவோ உறுத்தியது. டாஷ்போர்டின் மேல் நான் ஒட்டி வைத்திருந்த புனித கிறிஸ்டோபர் சிலையைக் காணோம். ஓடி ஏறியபோது யாருடைய கையாவது பட்டு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஹேர் டானிக் வாசனையும் இல்லை. அது மழையில் கழுவிப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அப்போது ரோலி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டான்.

"அம்மா, கேக்கு குறட்டை விடுது."

"சும்மா இரு ரோலி."

"நெசமாத்தான்மா."

"கோனி, அவனைச் சீண்டாதே."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. எனக்கும் கேக்குது" என்றாள் கோனி.

"டயர் சத்தம்" என்றான் மைலோ. "ஈர ரோட்டுல டயர் அப்படித்தான் பேசும்."

எனக்கு மூக்கு ஒழுகியது. காகிதக் கைக்குட்டை எடுக்கலாமென்று டாஷ்போர்டில் எனக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து கையை விட்டேன். மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடி தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். ஜாடிக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு முழு வரிசைப் பற்கள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

என் குரல் எனக்கே நிதானமாகத்தான் கேட்டது. "மைலோ, இது யாரு பல்லு?"

"என்ன பல்லு?"

"அது என்னுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கீழே போட்டுராதேம்மா."

ஐந்து பேரும் சேர்ந்து அலறினோம். எல்லோரையும்விட உரக்க அலறியது மைலோதான். வண்டி சாலையை விட்டு இறங்கி, சோளக்கொல்லை ஓரத்து வேலிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. பின்னால் போர்வைக் குவியல் எழுந்து உட்கார்ந்தது. அதிலிருந்து வெள்ளைத் தலைமுடியோடு ஒரு முகம் வெளிவந்தது. எழுபது வயது இருக்கலாம். தூக்கம் கலையாத கண்களால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"பால்மர் எங்கே?" என்று கேட்டார் அவர்.

"பால்மர் யாரு?" என்றான் மைலோ.

"இந்த வண்டிக்காரன்."

"இது என் வண்டி!"

"அப்படியா?" அவர் சற்று யோசித்தார். "அப்போ நான் யாரு?"

கர்ட் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஜன்னல் வழியாகக் குனிந்து, "அப்பா, நம்பர் பிளேட்டுல நெப்ராஸ்கான்னு போட்டிருக்கு" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு ஆனந்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மைலோ ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பற்களை வாங்கி மாட்டிக்கொண்ட பிறகு அவர் பேச்சு தெளிவானது. பெயர் ஆர்வில் டெஸ்டால். தன் அண்ணன் மகள் ஆர்டிஸ், அவள் கணவன் பால்மர், அவர்களுடைய நான்கு பெண்பிள்ளைகள் எல்லோரோடும் மின்னசோட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். கடையில் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது, பசியில்லை என்று பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார்.

"நீங்க வண்டியை எடுத்தப்போ கூடவா முழிப்பு வரல?" என்று கேட்டேன்.

"பால்மர் ஓட்டுனா முழிச்சிக்கிட்டு வரணும்னு ஒண்ணும் இல்லையே. உன் வீட்டுக்காரர் ஓட்டுறது கொஞ்சம் குலுங்குச்சு. சரி, ரோடு மோசம் போலன்னு நெனச்சேன்."

மைலோ வண்டியைத் திருப்பினான். ஆர்வில் எழுந்து வந்து, ரோலியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நடு சீட்டில் உட்கார்ந்தார்.

"மின்னசோட்டாவுல யாரு இருக்கா?" என்று கோனி கேட்டாள்.

"ஆர்டிஸோட தங்கச்சி. மூணு மாசம் இவ வீடு, மூணு மாசம் அவ வீடு. நான் லைப்ரரி புத்தகம் மாதிரி. தேதி முடிஞ்சா திருப்பிக் குடுத்துருவாங்க. நீங்க எங்கே போறீங்க?"

"கல்யாணத்துக்கு. கேக்கு, டான்ஸ் எல்லாம் இருக்கு" என்றான் ரோலி. "நீங்களும் வாங்களேன்."

"வரேன். கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?"

கேக்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மூன்று அடுக்குக் கேக் மின்னசோட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பியபோது வெயில் அடித்தது. வாசலில் ஒரு வண்டியும் இல்லை. எங்கள் வண்டியைக் கட்டடத்தின் பக்கவாட்டில், பால் லாரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தோம் என்பது அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பரிமாறும் பெண் கல்லாவிலிருந்தே வடக்குப் பக்கம் கை காட்டினாள். "பச்சை வண்டிதானே? நாலு பொண்ணுங்க? மழை விட்டதும் கிளம்பிட்டாங்க. ரொம்ப நேரம் ஆச்சே."

"அவ்வளவுதான்" என்றார் ஆர்வில், பெரிய வருத்தம் ஏதும் இல்லாமல். "பால்மர் ஒரு தடவை உட்கார்ந்தா எல்லை தாண்டுற வரைக்கும் நிறுத்த மாட்டான். பொண்ணுங்க பாத்ரூம் போகணும்னு அழுதாக்கூட நிறுத்த மாட்டான். டேங்க் காலியானாத்தான் நிப்பான். இன்னைக்குக் காலையிலதான் டேங்கை நிரப்பினான்."

மைலோ தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "லியோனா என்னைக் கொன்னுருவா. எங்க அக்காவுக்கு ஒரு கேக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்ல எனக்கு."

நான் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"மைலோ, அவர் நிரப்பினது இந்த டேங்கைத்தானே? அவர் ஓட்டிக்கிட்டுப் போறது நம்ம வண்டியை. நம்ம டேங்குல என்ன இருந்துச்சு?"

அவன் தலையைத் தூக்கினான்.

"தாராளமான்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

அவன் கஞ்சத்தனத்தைக் கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் கடை வாசலில் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். கர்ட் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வடக்குச் சாலையில் எட்டு மைல் போயிருப்போம். ஒரு மேட்டின் மேல் சாலை ஓரமாக எங்கள் பச்சை வண்டி நின்றது. புல்தரையில் நான்கு மஞ்சள் தலைகள் உயரவாரியாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு பெண் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றாள். திறந்திருந்த பின்கதவின் மேல் கால்களைத் தொங்கவிட்டபடி, நெடுநெடுவென்று ஒரு மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆர்வில் இறங்கியதும் அந்தப் பெண் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தப்பா! உசுரோடதான் இருக்கீங்களா? போர்வையைத் தூக்கிப் பாக்குறேன், சித்தப்பா இருந்த எடத்துல கேக்கு இருக்கு! பின்கதவு திறந்து ரோட்டுல விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"விழுந்தவனுக்குப் பதிலா கேக்கு எப்படி வரும் ஆர்டிஸ்?"

"அதெல்லாம் யாரு யோசிச்சா? நான் அப்பவே சொன்னேன் இவர்கிட்ட, வண்டியை வாசலுக்கு நேரா நிறுத்தினோமேன்னு. உனக்கு எது ஞாபகம் இருந்துச்சு, இது ஞாபகம் இருக்கன்னார். என்ன இது கடகடன்னு சத்தம்னேன். கல்மழையில ஏதோ உடைஞ்சிருக்குன்னார். வண்டி இழுத்து இழுத்து நின்னுடுச்சு. ஆம்பளைங்ககிட்ட சொல்லிப் பிரயோஜனம் உண்டா?"

"கிடையாது" என்றேன். அந்த நிமிடமே நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம்.

பிறகு நான் வண்டியின் பின்பக்கம் போனேன். அந்த நெட்டை மனிதர் எழுந்து நின்றார். பால்மர். மீசையில் வெள்ளையாகக் கிரீம். கையில் மீன் அறுக்கும் கத்தி. அவருக்குப் பின்னால் எலுமிச்சை அடுக்கும் வால்நட் அடுக்கும் பத்திரமாக இருந்தன. மேல் அடுக்கு இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

பால்மர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆர்விலை நெனச்சுக்கிட்டுச் சாப்பிட்டேன்" என்றார்.

"அவருக்கு மனசுல கவலை வந்தா இனிப்பு சாப்பிடுவார்" என்றாள் ஆர்டிஸ். "பொண்ணுங்களைத் தொட விடல. தான் மட்டும்தான்."

ஆர்வில் மொட்டையான இடத்தை எட்டிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. "ஒரு முழு அடுக்கா? என் பொண்டாட்டி செத்தப்போகூட ரெண்டு பன்னுதானே சாப்பிட்டே பால்மர்?"

"நீங்க எனக்குப் பிடிச்சவர்" என்றார் பால்மர், தொப்பியைப் பார்த்தபடி. அவர் நாள் முழுவதும் பேசியது அநேகமாக அவ்வளவுதான்.

ஒரு குழாயை வைத்து அவர்கள் தொட்டியிலிருந்து எங்கள் தொட்டிக்குப் பெட்ரோல் இறக்க வேண்டியிருந்தது. மைலோதான் வாயால் உறிஞ்சினான், ஒரு வாய் குடித்தும்விட்டான். பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு ஆண்களும் இரண்டு வண்டிகளின் முன்மூடிகளையும் தூக்கி வைத்துக்கொண்டு, இங்கே பார்ப்பதும் அங்கே பார்ப்பதுமாக நின்றார்கள். ஒரே நிறம், ஒரே வருடம், ஒரே மரக் காகிதம். பால்மர் எங்கள் டாஷ்போர்டின் அடியில் கையை விட்டு ஒரு சீப்பை உருவினார். இன்னொன்று. மொத்தம் ஏழு வந்தன. ஏழையும் வரிசையாக மைலோ கையில் கொடுத்தார்.

"முடி வெட்டுறவர்" என்று நான் விளக்கினேன்.

பால்மர் புரிந்ததுபோல் தலையாட்டினார்.

புறப்படும்போது ஆர்வில் எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சித்தப்பா, நம்ம வண்டி அது" என்றாள் ஆர்டிஸ்.

"தெரியும். நான் கல்யாணத்துக்குப் போறேன். இந்தப் பையன் கூப்பிட்டான், வரேன்னு சொல்லிட்டேன்."

"மின்னசோட்டாவுல காத்துக்கிட்டு இருப்பாங்களே!"

"யாரும் காத்துக்கிட்டு இல்ல ஆர்டிஸ்" என்றார் ஆர்வில். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஆர்டிஸ் பால்மரைப் பார்த்தாள். பால்மர் கேக்கின் மொட்டைத் தலையைப் பார்த்தார். பிறகு, கல்யாணப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்காமல் தன்னால் நிம்மதியாக வண்டி ஓட்ட முடியாது என்று மனைவியின் காதில் சொன்னாராம். ஆக, இரண்டு பச்சை வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மிசௌரி ஆற்றைத் தாண்டின. வழியில் ஒரு போலீஸ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஆர்வில் மைலோவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். "இந்த வளைவுல பால்மர் கொஞ்சம் முன்னாடியே பிரேக்கைத் தொடுவான்" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் மைலோவின் காது சிவந்தது.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தோம். லியோனா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெளிர்நீலக் கல்யாண உடையில்.

"மைலோ! உனக்குக் கல்யாணம் நாலு மணிக்குன்னு சொன்னா, நாலு மணிக்குக் கிளம்பணும்னு அர்த்தமா? எங்கே கேக்கு? இவங்க எல்லாம் யாரு?"

பால்மர் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் மணப்பெண்ணையும் மணமகனையும் எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். மீசையில் இன்னும் கொஞ்சம் கிரீம் இருந்தது. நடந்ததையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். லியோனா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சர்ச்சுக்குள் ஆர்கன் வாசிப்பவர் அதையே சைகை என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

விருந்தில் பன்றி வறுவல், மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ், கசகசா வைத்த கோலாச்சி பன் எல்லாம் இருந்தன. பால்மர் கேக்கைத் தொடவில்லை. போல்கா நடன இசை வாசிக்கத் தொடங்கியதும் நான்கு பெண்பிள்ளைகளும் கர்ட்டை மாற்றி மாற்றி இழுத்து ஆட வைத்தார்கள். அவன் தப்பிக்க முயன்றதாகத் தெரியவில்லை. ஆர்வில் ஒரு மூலையில் மாப்பிள்ளை கிளாரன்ஸோடு சீட்டாட உட்கார்ந்தார். கிளாரன்ஸ் அந்த மாவட்டத்திலேயே சீட்டில் தோற்காதவர். முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். மணப்பெண்ணோடு ஆட வேண்டிய ஆட்டத்துக்கு அவரை மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் பால்மர் குடும்பம் மின்னசோட்டாவுக்குப் புறப்பட்டபோது, கணக்குத் தீர்க்காமல் ஆர்விலை அனுப்ப முடியாது என்று கிளாரன்ஸ் சொல்லிவிட்டார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் பஸ்ஸில் வரட்டும் என்று பேச்சு.

மூன்று வாரம் கழித்து லியோனாவிடமிருந்து போன் வந்தது.

"வெர்னா, கல்யாணப் பரிசா நீ குடுத்த டோஸ்டர் நல்லா வேலை செய்யுது. அந்தக் கெழவரை எப்போ திருப்பி எடுத்துக்கப் போறே?"

"ஐயோ, இன்னும் அங்கேயா இருக்கார்?"

"என் சமையலறையிலதான் இருக்கார். தேனிலவுக்கு ஏரிப் பக்கம் போனோம், அங்கேயும் வந்தார். படகுல நடுவுல உட்கார்ந்துக்கிட்டு கிளாரன்ஸுக்குத் துடுப்புப் போடச் சொல்லிக்குடுத்தார்."

"ஆர்டிஸுக்குப் போன் பண்ணவா? வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

மறுமுனையில் கிளாரன்ஸ் ஏதோ சொல்லிச் சிரிப்பதும், மேஜையில் சீட்டு அறைவதும் கேட்டது.

"வேணாம்" என்றாள் லியோனா. "என் பழைய வீட்டுக்காரர் இருந்தப்போ அந்த வீட்டுச் சமையலறையில கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேக்கும். இருந்துட்டுப் போகட்டும். ஆனா திருப்பி எடுத்துக்கச் சொன்னது சும்மாதான்னு அவர்கிட்ட சொல்லிறாதே."

ஆர்வில் அங்கே ஆறு வருடம் இருந்தார். அறுவடைக் காலத்தில் சோள லாரி ஓட்டினார். பன்றிகளுக்குப் பெயர் வைத்தார், அதனால் கிளாரன்ஸுக்கு அவற்றை விற்பது சங்கடமாகிப் போனது. ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் அங்கே போகும்போது பால்மர் குடும்பமும் வரும். இரண்டு பச்சை வண்டிகளும் கொட்டில் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கோனி எங்களுடையதன் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைப்பாள்.

பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டிய காலம் வந்தபோது, 1979இல், மைலோ வண்டியை விற்றான். வேட்டை நாய்கள் வளர்க்கும் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பின்னோக்கிய சீட்டில் இரண்டு நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டே தெருமுனையில் மறைந்தன. அன்று மாலை மைலோ பால்மருக்குப் போன் செய்தான். பால்மர் தன் வண்டியை அதற்கு முந்தின மாதமே விற்றிருந்தார். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள். பேசினார்கள் என்றா சொன்னேன்? மைலோ பேசினான். பால்மர் கேட்டுக்கொண்டே எதையோ மென்றுகொண்டிருந்தாராம்.

"கேக்குன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மைலோ போனை வைத்தான்.